பிடிக்காவிட்டால் கரைத்துவிடலாமா? முக ஃபில்லரும் முதல் ஒரு மணி நேரமும்

முகத்தில் ஃபில்லர் போட்டுக்கொள்ளத் தயங்கும் பெண்ணுக்கு பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் சொல்லப்படும் சமாதானம் பெரும்பாலும் ஒன்றுதான்: "பயப்படாதீங்கக்கா, பிடிக்கலன்னா கரைச்சிடலாம்." தாடையைக் கூராக்கலாம், கன்னத்தை எடுப்பாக்கலாம், மூக்குத் தண்டை உயர்த்தலாம். கத்தியும் தையலும் கிடையாது. மதிய உணவு இடைவேளையில் போய்விட்டு வேலைக்குத் திரும்பிவிடலாம். பிடிக்காவிட்டால் இன்னோர் ஊசியில் முகம் பழையபடி ஆகிவிடும்.

இந்தச் சமாதானம் பொய்யல்ல. ஆனால் அது உண்மையாக இருக்க வேண்டுமானால், உள்ளே போன பொருள் கரையக்கூடிய வகையாக இருக்க வேண்டும். கரைக்கும் மருந்து அதே அறையில் இருக்க வேண்டும். ஆபத்தின் அடையாளம் தோலில் தெரியும்போது ஊசி போட்டவர் அதைக் கண்டுகொள்ள வேண்டும். நேரமும் கடந்திருக்கக் கூடாது. இவற்றில் ஒன்று தவறினாலும் அந்த வாக்குறுதிக்குப் பொருள் இல்லை. ஃபில்லர் நல்லதா கெட்டதா என்ற பட்டிமன்றம் எனக்கு வேண்டாம். இந்த வாக்குறுதி எங்கே நிற்கிறது, எங்கே உடைகிறது என்பதைத்தான் பார்க்க விரும்புகிறேன். கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழும் தமிழருக்கு அது உடையும் இடங்கள் சில தனியாகவே இருக்கின்றன.

தோலுக்கடியில் எதையாவது ஏற்றி முகத்துக்கு வடிவம் தரும் ஆசைக்கு நூற்றாண்டுக்கு மேல் வயதாகிறது. 1899இல் வியன்னாவில் ராபர்ட் கெர்சுனி என்ற அறுவை மருத்துவர் வாஸலின் வகைப் பொருளை உடலுக்குள் செலுத்திப் பார்த்தார். சில ஆண்டுகளிலேயே பாரஃபின் ஊசி ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மூக்குக்கும் கன்னத்துக்கும் நாகரிகமானது. பிற்காலத்தில் மார்ல்பரோ கோமாட்டியான கிளாடிஸ் டீக்கன் என்ற அழகி, கிரேக்கச் சிலையின் மூக்கு வேண்டுமென்று இளம் வயதில் பாரஃபின் ஏற்றிக்கொண்டார். அது நாளடைவில் இடம்பெயர்ந்து அவர் முகத்தையே குலைத்தது. இதைவிட முக்கியமான செய்தி ஒன்று உண்டு. மூக்கில் பாரஃபின் ஏற்றியதால் பார்வை பறிபோன ஒருவரைப் பற்றிய மருத்துவக் குறிப்பு 1903இலேயே அச்சாகிவிட்டது. இன்று நாம் பேசும் மிகக் கொடிய சிக்கல், நாம் பயன்படுத்தும் ஃபில்லர்களுக்கு நெடுங்காலம் முந்தையது. பொருள்கள் மாறின. முகத்தின் இரத்தக் குழாய்கள் மாறவில்லை.

1981இல் மாட்டுத்தோல் கொலாஜனுக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அனுமதி தந்தது. ஒவ்வாமைச் சோதனை தேவைப்பட்ட அந்தப் பொருள் சில மாதங்களே நின்றது. இன்றைய யுகத்தைத் திறந்தது ஹயலூரானிக் அமிலம். 1934இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கார்ல் மேயரும் ஜான் பால்மரும் மாட்டுக் கண்ணின் உள்ளிருக்கும் கூழ்ப்பொருளிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார்கள். நம் தோலிலும் மூட்டுகளிலும் இயல்பாகவே இருக்கும் பொருள் அது. எழுபது கிலோ எடையுள்ள ஒருவரின் உடலில் சுமார் 15 கிராம் இருக்கும். உடல் அதில் மூன்றில் ஒரு பங்கை நாள்தோறும் அழித்துப் புதிதாக ஆக்கிக்கொள்கிறது. அப்படியே ஊசியில் ஏற்றினால் ஓரிரு நாளில் கரைந்துபோகும். எனவே அதன் இழைகளை ஒன்றோடொன்று வேதிமுறையில் பிணைத்து, நின்று பிடிக்கும் ஜெல்லாக்குகிறார்கள். சுவீடனில் உருவான ரெஸ்டிலேன் 1996இல் ஐரோப்பாவிலும் 2003 டிசம்பரில் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது. அதன்பின் இந்தத் தொழில் உலகெங்கும் பரவியது.

முகத்தை நிரப்புவதும் முகத்துக்கு வடிவம் கொடுப்பதும் வேறுவேறு வேலைகள். முதலில் ஃபில்லர் சுருக்கங்களுக்குத்தான் வந்தது. முகம் மூப்படைவது தோலில் மட்டுமல்ல, கன்னத்தின் ஆழக் கொழுப்புப் பைகள் வற்றுகின்றன, கண்குழியின் விளிம்பிலும் தாடையிலும் எலும்பே கரைகிறது என்பது உடற்கூற்று ஆய்வுகளில் தெளிவான பிறகு ஊசி ஆழமாக இறங்கத் தொடங்கியது. மூக்கோரக் கோட்டை நேரடியாக நிரப்பாமல் கன்ன எலும்பின்மேல் தாங்கல் கொடுத்தால் கோடு தானே மெலியும். சற்றே உள்வாங்கிய மோவாயில் எலும்பை ஒட்டிச் சிறிது ஏற்றினால் பக்கவாட்டுத் தோற்றம் முழுவதும் மாறும், மூக்குகூடச் சிறிதாகத் தெரியும். நல்ல கைக்கு இது நுட்பமான கலை. எலும்பின்மேல் வைக்க விறைப்பான ஜெல், உதட்டுக்கும் கண்ணுக்கடியிலும் நெகிழ்வான ஜெல் என்று பொருளும் இடத்துக்கேற்ப மாறும்.

ஆனால் எந்த வடிவம் என்ற கேள்வியும் இருக்கிறது. கோலாலம்பூரின் அழகுச் சந்தையில் ஆட்சி செய்வது கொரிய அச்சு: கூர்ந்த மோவாய், ஒடுங்கிய தாடை, உயர்ந்த மூக்குத் தண்டு. நம் முகங்களில் பலவற்றுக்கு மூக்கும் புருவமும் இயல்பாகவே எடுப்பாக இருக்கும். அவற்றோடு கூரிய மோவாயைச் சேர்த்தால் முகத்தின் கீழ்ப்பகுதி ஒட்டவைத்ததுபோல் தெரியும். ஒரே அச்சை எல்லா முகத்திலும் குத்தும் இடத்தில் கலை இல்லை. அங்கே சிரிஞ்சு எண்ணிக்கை மட்டுமே இருக்கிறது.

தமிழ்ப் பெண்கள் அதிகம் கேட்கும் இன்னொன்று கண்ணுக்கடியில் உள்ள கருமை. இதில் நான் உறுதியாகச் சொல்ல விரும்புவது ஒன்று உண்டு. கண்ணடிக் கருமைக்குக் காரணம் இரண்டாக இருக்கலாம். கண்ணுக்குக் கீழே பள்ளம் விழுந்து அதில் நிழல் படிவது ஒன்று. தோலிலேயே நிறமி கூடியிருப்பது மற்றொன்று. தெற்காசியர்களில் இரண்டாவது மிகப் பரவலானது, குடும்ப வழியாகவும் வருவது. நிழலை ஃபில்லர் குறைக்கும், நிறமியைத் தொடக்கூட முடியாது. முகத்துக்கு நேரே விளக்கைப் பிடித்தால் நிழல் மறையும், நிறமி மறையாது. இந்த எளிய சோதனையைக்கூடச் செய்யாமல் அங்கே ஊசி போடுபவர்கள் இருக்கிறார்கள். அந்த மெல்லிய தோலுக்கடியில் ஜெல் மேலோட்டமாகப் போனால் நீலச் சாயலாகத் தெரியும். மாதக்கணக்கில் நீரேறி வீங்கி நிற்கவும் கூடும். கருமை போகப் போன பெண் வீக்கத்தோடு திரும்பி வருகிறாள்.

இவையெல்லாம் அழகுக் குறைகள். சரிசெய்ய முடியும், காத்திருக்கவும் முடியும். காத்திருக்க முடியாத சிக்கல் ஒன்றுதான்: ஜெல் இரத்தக் குழாய்க்குள் போவது.

முகத்துக்கு இரத்தம் கொண்டுவருவது பெரும்பாலும் கழுத்தின் வெளித் தமனியிலிருந்து பிரியும் முகத் தமனி. அது தாடையெலும்பின் விளிம்பைத் தாண்டி ஏறும் இடத்தை, பற்களைக் கடிக்கும்போது புடைக்கும் தசையின் முன்னோரத்தில் விரலால் தொட்டே உணரலாம். அங்கிருந்து வாயோரம், மூக்கோரம் என்று வளைந்து வளைந்து மேலேறும். கண்ணுக்கும் நெற்றியின் நடுப்பகுதிக்கும் இரத்தம் வருவது மூளைக்குப் போகும் உள் தமனியின் கிளையிலிருந்து. மூக்குத் தண்டிலும் புருவ நடுவிலும் இந்த இரண்டு வழிகளும் ஒன்றோடொன்று கலக்கின்றன. ஊசி முனை அங்கே ஒரு சிறு தமனிக்குள் இருக்கும்போது அழுத்தத்தோடு ஜெல்லைத் தள்ளினால், கடல் ஏற்றத்தின்போது கிள்ளான் ஆறு பின்னோக்கி ஏறுவதுபோல, ஜெல் இரத்த ஓட்டத்துக்கு எதிராக ஏறி கண் தமனியை எட்டிவிடும். அழுத்தம் நின்றதும் இயல்பான ஓட்டம் அதை முன்னே தள்ளி விழித்திரைத் தமனியில் அடைத்துவிடும். மூளைக்குப் போகும் குழாயை எட்டினால் பக்கவாதமும் வரலாம்.

இதற்கு எவ்வளவு ஜெல் வேண்டும்? புருவ நடுவிலிருந்து கண்குழியின் உச்சிவரை அந்தத் தமனியின் கொள்ளளவைப் பிணங்களில் அளந்து பார்த்தார்கள். சராசரி 0.085 மில்லிலிட்டர். ஒரு சிரிஞ்சில் இருப்பது பொதுவாக 1 மில்லிலிட்டர். அதில் பத்தில் ஒரு பங்குகூட வேண்டாம், கண் போய்விடும். ஒரே இடத்தில் 0.1 மில்லிலிட்டருக்கு மேல் ஒரே மூச்சில் தள்ளாதே, மெதுவாகத் தள்ளு, முனையை அசைத்துக்கொண்டே போ என்று மருத்துவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதன் காரணம் இந்தச் சிறு எண்தான்.

கனடாவின் கேட்டி பெலஸ்னே குழுவினர் 2015இல் உலக மருத்துவ இதழ்களைத் தேடி, ஃபில்லரால் பார்வை பாதிக்கப்பட்ட 98 பேரைத் திரட்டினார்கள். அவர்களில் அதிகம் இருந்தவர்கள் தங்கள் சொந்த உடற்கொழுப்பை எடுத்து ஏற்றிக்கொண்டவர்கள். 2019இல் அதே குழு மேலும் 48 பேரைச் சேர்த்தது. இந்த முறை பெரும்பான்மையோர் ஹயலூரானிக் அமிலம் போட்டுக்கொண்டவர்கள், பாதிக்கு மேற்பட்டோர் மூக்குப் பகுதியில் போட்டுக்கொண்டவர்கள். இதழ்களில் அச்சேறாத எத்தனையோ பேர் இதில் இல்லை.

எண்ணிக்கையாகப் பார்த்தால் இது அரிது என்பதையும் சொல்ல வேண்டும். 2021இல் அமெரிக்காவின் முராத் ஆலம் குழுவினர் 370 தோல் மருத்துவர்களிடம் கேட்டு, 1.7 மில்லியன் சிரிஞ்சுகளின் கணக்கை எடுத்தார்கள். கூரிய ஊசியில் 6,410 சிரிஞ்சுக்கு ஒன்றிலும், முனை மழுங்கிய கானுலாவில் 40,882 சிரிஞ்சுக்கு ஒன்றிலும் இரத்தக் குழாய் அடைபட்டிருந்தது. ஐந்தாண்டுக்கு மேல் அனுபவம் உள்ளவர் கையில் அந்த வாய்ப்பு ஏறத்தாழ 70 விழுக்காடு குறைவு. ஆனால் அந்த 370 பேரும் முறையாகத் தேர்ச்சி பெற்ற தோல் மருத்துவர்கள். ஹோட்டல் அறையிலும் சலூனின் பின்னறையிலும் நடப்பதன் கணக்கு அதில் கிடையாது. அந்த எண்ணைக் காட்டி அந்த அறைகளுக்கும் ஆறுதல் தேடுவது தவறு.

கண் அடைபடுவது அரிதினும் அரிது. தோலின் தமனி அடைபட்டு அந்தத் தோல் இரத்தமின்றிச் சாவது அதைவிட அதிகம் நடப்பது. நொடிகளில் தோல் வெளிறும். வலி எழும். ஆனால் இன்றைய ஜெல்களில் பலவற்றில் மரப்பு மருந்து கலந்தே வருவதால் வலி மறைந்திருக்கலாம். 'வலிக்கவில்லையே' என்பது பாதுகாப்புக்குச் சான்றல்ல. சில நிமிடங்களிலிருந்து சில மணி நேரத்துக்குள் ஊதா நிறத்தில் வலைபோன்ற கோடுகள் பரவும். விரலால் அழுத்தி எடுத்தால் இரத்தம் மெதுவாகத்தான் திரும்பி வரும். கண்டுகொள்ளாமல் விட்டால் இரண்டு மூன்று நாளில் சீழ்க் கொப்புளங்கள்போல் சிறுசிறு பருக்கள் எழும். அதைப் பரு என்றும் கிருமித் தொற்று என்றும் எண்ணிக் களிம்பு தடவிப் பொழுதைக் கழித்தவர்கள் பலர். ஒரு வாரத்தில் தோல் கறுத்து உரியத் தொடங்கும்.

இந்த வரிசை பாடநூல்களில் தெளிவாக இருக்கிறது. படங்களும் உண்டு. ஆனால் அந்தப் படங்களில் பெரும்பாலானவை வெள்ளை முகங்கள், அல்லது கிழக்காசியரின் வெளிர் முகங்கள். நம் தோலில் வெளிறல் வெள்ளையாகத் தெரியாது. சாம்பல் பூத்ததுபோல், களையிழந்ததுபோல் மங்கலாகத் தெரியும். ஊதா வலை, நடுத்தரக் கருமைக்கு மேற்பட்ட தோலில் கண்ணில் படாமலே போகலாம். இரத்தம் திரும்பும் வேகத்தைத் தோலில் கணிப்பது கடினம். உதட்டின் உட்புறத்திலும் ஈறிலும் பார்க்க வேண்டும், முகத்தின் மறுபக்கத்தோடு ஒப்பிட வேண்டும், பளிச்சென்ற வெள்ளை விளக்கின் கீழ் பார்க்க வேண்டும், குளிர்ந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். ஊசிக்கு முன்பே நல்ல வெளிச்சத்தில் புகைப்படம் எடுத்து வைத்திருந்தால் ஒப்பிட ஏதாவது இருக்கும். இதைக் கற்றுக்கொள்ளாத கை, எவ்வளவு பட்டங்கள் சுவரில் தொங்கினாலும், நம் முகத்துக்கு அரைகுறைக் கைதான்.

பின்விளைவும் நம் தோலில் நீளமானது. சிறிய காயம்கூடக் கறுத்த தழும்பாகி மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் நிற்கும். மேடிட்டு வளரும் கெலாய்டு தழும்பு நம்மிடையே அதிகம். மார்பிலோ தோளிலோ காதிலோ அப்படித் தழும்பு உள்ளவர் அதை முதலிலேயே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மருத்துவரும் கேட்க வேண்டும்.

இனி அந்தக் கரைக்கும் மருந்து. ஹயலூரானிடேஸ் என்பது ஒரு நொதி. 1928இல் டுரான்-ரேனல்ஸ் என்பவர், விலங்குத் திசுச் சாறு ஒன்று மற்றப் பொருள்களைத் தோலுக்குள் வேகமாகப் பரவச் செய்வதைக் கண்டார். அதன் காரணம் ஒரு நொதி என்று பின்னர் கண்டறிந்தவர்களில் ஒருவர் எர்ன்ஸ்ட் செயின். பெனிசிலினுக்காக நோபல் பரிசு பெற்ற அதே செயின். ஹயலூரானிக் அமிலத்தைப் பிரித்தெடுத்த கார்ல் மேயரே அந்த நொதிக்கும் பெயர் வைத்தார். கண் அறுவையில் மரப்பு மருந்து பரவுவதற்காகப் பல்லாண்டு பயன்பட்ட அந்த மருந்துதான் இன்று ஃபில்லர் தொழிலின் உயிர்க்கயிறு. அது குழாய்க்குள்ளேயே போக வேண்டியதில்லை. குழாயைச் சுற்றிப் போட்டாலும் சுவரைக் கடந்து உள்ளே போய்க் கரைக்கும்.

ஆனால் அளவு முக்கியம். முன்பெல்லாம் ஒரு நாளைக்கு ஒரு முறை, சிறிய அளவில் போட்டார்கள். கனடாவின் கிளாடியோ டெலொரென்சி 2017இல் வெளியிட்ட முறை அதை மாற்றியது. உதட்டின் பாதி அளவுள்ள ஒரு பகுதி பாதிக்கப்பட்டிருந்தால் சுமார் 500 யூனிட், இரண்டு பகுதி என்றால் 1,000, மூன்று என்றால் 1,500. இரத்த ஓட்டம் திரும்பும்வரை மணிக்கு ஒரு முறை திரும்பத் திரும்பப் போட வேண்டும். கூடவே அழுத்தித் தேய்ப்பதும், வெந்நீர் ஒத்தடமும், பெரும்பாலும் ஆஸ்பிரினும் உண்டு. பரவலாகக் கிடைக்கும் குப்பி ஒன்றில் 1,500 யூனிட் இருக்கும். இதன் பொருள், ஒரே ஒரு குப்பியை வைத்துக்கொண்டு ஃபில்லர் போடத் தொடங்குவது போதாது. ஒரு மாலைக்குள் அது தீர்ந்துவிடும். குளவியோ தேனீயோ கொட்டி ஒவ்வாமை கண்டவர்களுக்கு இந்த நொதியும் ஒவ்வாமை தரலாம். எனவே அட்ரினலினும் அதே அலமாரியில் இருந்தாக வேண்டும்.

எல்லா ஃபில்லரும் இதில் கரையாது என்பதைப் பலர் அறிவதில்லை. எலும்பின் தாதுவை ஒத்த கால்சியம் ஹைட்ராக்சிலபடைட் ஒருவகை. கொலாஜனைத் தூண்டும் பாலிலாக்டிக் அமிலம் இன்னொரு வகை. நிரந்தரமாகத் தங்கும் அக்ரிலிக் நுண்மணிகளும் உண்டு. முதல் இரண்டும் உரிய இடத்தில் உரிய கையில் நல்ல பொருள்கள்தான். ஆனால் குழாய்க்குள் போனால் அவற்றைக் கரைக்க மருந்து இல்லை. திரவ சிலிக்கான் இன்னும் கொடியது. அதை வெட்டித்தான் எடுக்க வேண்டும், முழுதும் எடுக்கவும் முடியாது. சிரிஞ்சின் பெட்டியைக் காட்டாமல் போட்டவரிடம் போனவருக்கு உள்ளே இருப்பது எது என்று தெரியாது. பிறகு காப்பாற்ற வரும் மருத்துவருக்கும் தெரியாது. "கரைச்சிடலாம்" என்ற வாக்குறுதி முதலில் உடையும் இடம் இது.

அடுத்து உடையும் இடம் நேரம். விழித்திரைக்கு இரத்தம் நின்றால் அது தாக்குப்பிடிப்பது சுமார் ஒன்றரை மணி நேரம். சில மருத்துவர்கள் இன்னும் குறைவாகவே கணக்கிடுகிறார்கள். கண்ணில் கடும் வலி, பார்வை இருட்டுவது, இமை சரிவது, வாந்தி: இவற்றில் எது தோன்றினாலும் ஊசியை அந்தக் கணத்தில் நிறுத்திவிட்டுக் கண் மருத்துவரை அழைக்க வேண்டும். கண்ணுக்குப் பின்னால் நொதியைச் செலுத்தும் முறையை முயன்றிருக்கிறார்கள். சிலருக்குப் பார்வை ஓரளவு திரும்பியது, பலருக்குத் திரும்பவில்லை. நிரூபிக்கப்பட்ட மருத்துவம் இன்றுவரை கிடையாது.

இப்போது இந்த ஒன்றரை மணி நேரத்தை நம் ஊர்மேல் வைத்துப் பாருங்கள். மேருவில் ஒரு வீட்டில் மாலை ஆறு மணிக்கு மூக்கில் ஊசி போடுகிறார்கள். கண் இருளுகிறது. போட்டவர் முதல் கால் மணி நேரத்தை "கொஞ்ச நேரத்துல சரியாயிடும்" என்பதில் கழிக்கிறார். பிறகு பயந்து காரில் ஏற்றினால், வேலை முடிந்து வீடு திரும்பும் நெரிசலில் ஜாலான் மேரு வழியாகக் கிள்ளான் நகருக்குள் இறங்கி, ஆற்றுப் பாலத்தைக் கடந்து தென்கிள்ளானில் உள்ள தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். அங்கே பதிவு, முதல் கட்டப் பரிசோதனை, கண் மருத்துவரை அழைப்பது. கோலாலம்பூர் மருத்துவமனைக்கோ மலாயா பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கோ போவதென்றால் அது ஃபெடரல் நெடுஞ்சாலையின் கருணையைப் பொறுத்தது. இதில் எந்த மருத்துவமனையையும் குறை சொல்ல இடமில்லை. ஊசி போட்ட அறையிலேயே சிகிச்சை தொடங்கியிருக்க வேண்டும் என்பதுதான் பிரச்சினை.

பிந்தி வரும் சிக்கல்களைச் சுருக்கமாகவே சொல்கிறேன். அவற்றுக்கு அவசரம் இல்லை, பொறுமை தேவை. வாரங்கள் கழித்தோ மாதங்கள் கழித்தோ கட்டிகள் எழலாம். சில வெறும் ஜெல் திரட்சி. சில ஜெல்லைச் சுற்றிக் கிருமிகள் படலம் கட்டுவதால் வருபவை. சில உடலின் தற்காப்புச் சினத்தால் வருபவை. காய்ச்சல், பல் நோய், தடுப்பூசி ஆகியவற்றுக்குப் பிறகு பழைய ஃபில்லர் வீங்குவதும் உண்டு. 2020 டிசம்பரில் மொடர்னா தடுப்பூசியின் ஆய்வில் ஃபில்லர் போட்டிருந்த மூவருக்கு முகமோ உதடோ வீங்கியது அப்போது உலகச் செய்தியானது. அது அடங்கக்கூடிய வீக்கம்தான், தடுப்பூசியை மறுக்க அது காரணமல்ல. தொற்று இல்லை என்று உறுதியாவதற்கு முன் ஸ்டீராய்டு ஊசி போட்டுக் கட்டியை அமுக்குவது கூடாது. முகத்தை அல்ட்ராசவுண்டில் பார்த்து ஜெல் எங்கே இருக்கிறது, எந்த வகை என்று கண்டுபிடிக்கும் முறை பரவி வருவது பெரிய முன்னேற்றம். ஊசி போடும்போதே குழாய்களைப் பார்த்துக்கொண்டு போடவும் அது உதவுகிறது. இன்னொன்று: ஆறு மாதத்தில் ஒரு வருடத்தில் தானே போய்விடும் என்ற பேச்சையும் முழுமையாக நம்பக் கூடாது. எம்ஆர்ஐ படங்களில் இரண்டாண்டுக்கு மேலும் ஜெல் முகத்திலேயே தங்கியிருப்பதைக் கண்டிருக்கிறார்கள். கண்ணாடியில் குறைந்ததாகத் தெரிந்தவுடன் மேன்மேலும் ஏற்றியவர்களின் உப்பிய முகங்களுக்கு இது ஒரு விளக்கம்.

மலேசியச் சட்டம் இதில் தெளிவானது. ஃபில்லர் இங்கே ஒரு மருத்துவச் சாதனம். 2012ஆம் ஆண்டின் மருத்துவச் சாதனச் சட்டப்படி பதிவு பெறாத ஃபில்லரை விற்பவருக்கு 200,000 ரிங்கிட்வரை அபராதமோ மூன்றாண்டுவரை சிறையோ இரண்டுமோ உண்டு. பதிவு பெற்ற மருத்துவர் மட்டுமே அதை ஏற்றலாம். அவரும், அழகியல் மருத்துவம் பற்றிச் சுகாதார அமைச்சு வெளியிட்ட வழிகாட்டியின்படி, பொது மருத்துவராக இருந்தால் தனித் தகுதிச் சான்று பெற்றிருக்க வேண்டும். எல்சிபி என்று எல்லாரும் சொல்வது அதைத்தான். பதிவு செய்யாத இடத்தில் கிளினிக் நடத்தினால் 1998ஆம் ஆண்டின் தனியார் சுகாதார வசதிகள் சட்டம் தனிநபருக்கு 300,000 ரிங்கிட்வரை அபராதமோ ஆறாண்டுவரை சிறையோ இரண்டுமோ விதிக்கிறது. இங்கிலாந்தோடு ஒப்பிட்டால் இது கடுமையான ஏற்பாடு. அங்கே மருத்துவப் படிப்பே இல்லாதவர் ஃபில்லர் போடுவதைச் சட்டம் நெடுங்காலம் தடுக்கவில்லை. 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் போடக் கூடாது என்ற தடையே 2021 அக்டோபரில்தான் வந்தது.

அழகுக்கலைப் பயிற்சிச் சான்றிதழ் எதுவும் ஊசி போடும் உரிமையைத் தராது. இருந்தும் அது நடக்கிறது. 2020 அக்டோபரில் செராஸில் ஓர் அழகு நிலையத்தில் கொழுப்பு உறிஞ்சும் சிகிச்சை செய்துகொண்ட இளம்பெண் ஒருவர் இறந்தது நாட்டையே உலுக்கியது. அது ஃபில்லர் அல்ல. ஆனால் மருத்துவமனையில் நடக்க வேண்டியது அழகு நிலையத்தில் நடந்தது என்பதில் இரண்டும் ஒரே கதை. ஜாலான் துன் சம்பந்தனிலும் ஜாலான் தெங்கு கெலானாவிலும் புருவம் திருத்தியும் மணப்பெண் அலங்காரம் செய்தும் நேர்மையாகப் பிழைக்கும் நம் பெண்களுக்கு இந்தச் சிலரால் வரும் கெட்ட பெயரும் எனக்கு வருத்தம் தருகிறது.

ஏன் போகிறார்கள் என்பதைக் கோபமில்லாமல் பார்க்க வேண்டும். நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட். முறையான கிளினிக்கில் ஒரு சிரிஞ்சே ஆயிரம் வெள்ளியைத் தாண்டுவது சாதாரணம். வடிவம் கொடுக்க ஒன்று போதுவதும் இல்லை. தெரிந்த அக்கா, வீட்டுக்கே வருகிறார், பாதி விலை, தமிழில் பேசுகிறார், பெரிய கிளினிக்கின் வரவேற்பறையில் வரும் கூச்சம் இல்லை. கல்யாணத் தேதி நெருங்குகிறது. இதில் பேராசை ஒன்றும் இல்லை. ஊசியே இல்லாமல் அழுத்தத்தால் ஜெல்லை உள்ளே தள்ளும் பேனாக்களும் இணையத்தில் வாங்கக் கிடைக்கின்றன. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2021 அக்டோபரில் அவற்றுக்கு எதிராகவே எச்சரிக்கை விட்டது.

ஆனால் அதே கூச்சம்தான் பிறகு கொல்கிறது. ரகசியமாகப் போட்டவர் ரகசியமாகவே வலியைத் தாங்குகிறார். கணவருக்குத் தெரியக் கூடாது, மாமியாருக்குத் தெரியக் கூடாது, போலீஸ் கேட்குமோ என்ற பயம். கரைக்க வேண்டிய மணிநேரங்கள் அதில் போய்விடுகின்றன. இங்கே மருத்துவர்களையும் தாதியரையும் கேட்டுக்கொள்ள வேண்டியது உண்டு: வாசலில் வந்து நிற்பவரை 'இதெல்லாம் தேவையா உனக்கு' என்று ஒரு முறை கேட்டுவிட்டால், அடுத்தவர் வர மாட்டார். சட்டம் தண்டிப்பது போட்டவரை, போட்டுக்கொண்டவரை அல்ல என்பதை நம் வானொலியும் நாளிதழ்களும் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும்.

போக முடிவு செய்தவர் மருத்துவரின் பெயரை மலேசிய மருத்துவ மன்றத்தின் இணையப் பதிவேட்டில் பார்க்கலாம், காசு கட்ட வேண்டாம். எல்சிபி இருக்கிறதா என்று நேராகக் கேட்கலாம். என் முகத்தில் வைக்கப்போவது கரையக்கூடியதா, கரைக்கும் மருந்து இன்று இந்த அறையில் எத்தனை குப்பி இருக்கிறது, கண்ணுக்கு ஏதாவது ஆனால் எந்தக் கண் மருத்துவரைக் கூப்பிடுவீர்கள் என்று கேட்கலாம். நல்ல மருத்துவருக்கு இந்தக் கேள்விகளால் கோபம் வராது. பதில் தயாராக வைத்திருப்பார். கோபம் வந்தால் எழுந்து வந்துவிடலாம். முதல் முறையே மூக்கிலும் புருவ நடுவிலும் கைவைக்கச் சம்மதிக்காமல் இருப்பது நல்லது. மூக்கில் ஏற்கெனவே அறுவை செய்தவர் ஃபில்லர் பக்கமே போகாமல் இருப்பது இன்னும் நல்லது. உள்ளே தழும்பிட்ட குழாய்கள் நகர்ந்து விலகாமல் ஊசிக்கு நேரே நிற்கும்.

ஒவ்வொரு சிரிஞ்சோடும் பெயரும் தொகுதி எண்ணும் அச்சிட்ட ஒட்டுச்சீட்டு வரும். அதைக் கேட்டு வாங்கிக் கைத்தொலைபேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அவசரப் பிரிவில் மயங்கிப் படுத்திருந்தாலும் அழைத்து வந்தவர் அதைக் காட்டலாம். எந்தப் பொருள், முகத்தில் எந்த இடம், எத்தனை மணிக்கு, அதன்பின் நொதி போட்டார்களா, போட்டிருந்தால் எத்தனை யூனிட், எத்தனை முறை. அங்கிருக்கும் மருத்துவர் முதலில் கேட்கப்போவது இவற்றைத்தான்.